நோயினின்று மீண்ட சகோதரிகளும் ஊராரின் கடமையும்

நம் கிராமங்களில் ஒருவர் கடும் நோயுற்றார் என்றால் ஊரார் கைகட்டிக்கொண்டு நிற்பதில்லை. நள்ளிரவானாலும் வண்டி ஏற்பாடு செய்வார்கள்; இயன்ற அளவு பணம் திரட்டித் தருவார்கள்; மருத்துவமனை வரை இருவர் துணைக்குப் போவார்கள். ஆனால் அந்த நோயாளி சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய பிறகு, அவர் எவ்வாறு வாழ்கிறார் என்று விசாரிப்பவர் குறைவு. "பிழைத்து வந்தாரே, அதுவே போதும்" என்று எண்ணி, நாம் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பும் பெண்கள் விஷயத்தில் இந்தக் குறை மிகவும் பெரிது. நோயின் பெயரைச் சொல்லவே நமக்குக் கூச்சம். "கட்டி" என்றும், "அந்த நோய்" என்றும் மறைத்துப் பேசுகிறோம். மீண்டு வந்த பெண்ணும் தலையில் முக்காடிட்டுக்கொண்டு, திருமணம், திருவிழா முதலியவற்றுக்கு வராமல் வீட்டோடு ஒதுங்கிவிடுகிறார். இதனால் அவர் ஒருவருக்கு மட்டுமன்றி, ஊரிலுள்ள பெண்கள் அனைவருக்கும் தீங்கு விளைகிறது. அஃது எவ்வாறு என்பதையும், இத்தகைய பெண்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்கு ஊராட்சி செய்யக்கூடியவை யாவை என்பதையும் இந்தப் பாடத்தில் ஆராய்வோம்.

நோயைப் பற்றி அறிய வேண்டுவன

நம் நாட்டுப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே இன்று முதலிடம் வகிக்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே இது நகரத்தாருக்கு மட்டும் வரும் நோய் என்றோ, எங்கோ ஒருவருக்கு வரும் நோய் என்றோ எண்ணுவது தவறாகும். நூறு நோயாளிகளில் ஒருவர் ஆணாகவும் இருத்தல் கூடும்.

இது தொற்று நோய் அன்று. நோயாளியைத் தொடுவதாலோ, அவர் உண்ட தட்டில் உண்பதாலோ, அவருடைய துணிகளைச் சேர்த்துத் துவைப்பதாலோ யாருக்கும் பரவாது. தாய் தன் குழந்தையைத் தூக்கலாம். பேரனை மடியில் உறங்க வைக்கலாம். பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே. எனவே, "அந்த வீட்டில் பெண் எடுத்தால் நோயும் கூட வரும்" என்று சம்பந்தத்தைத் தட்டிக் கழிப்பது அறியாமையின் விளைவு. இப்பழிக்கு அஞ்சியே, மகளுக்குத் திருமணம் ஆகும்வரை தம் மார்பில் உள்ள கட்டியை மறைத்து வைக்கும் தாய்மார்கள் உண்டு.

தொடக்கத்தில் கண்டறிந்து முழுச் சிகிச்சை பெற்றால் இந்நோயினின்று மீள முடியும். இந்நோய் கண்டபின் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் உயிர் வாழ்வோர், செல்வ நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் என்றும், இந்தியாவில் நூற்றுக்கு 66 பேர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் நம் பெண்களின் உடல் வலிமைக் குறைவு அன்று. அவர்கள் மருத்துவரிடம் காலம் கடந்து வருவதும், தொடங்கிய சிகிச்சையை நடுவில் நிறுத்திவிடுவதும் முக்கியக் காரணங்களாகும். இவ்விரண்டையும் மாற்றுவதில் ஊருக்குப் பெரும் பங்கு உண்டு.

சிகிச்சை எவ்வளவு நெடியது?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இரண்டு ஏக்கர் நன்செய் உடைய குடும்பம் ஒன்று. குடும்பத் தலைவிக்கு வயது 48. நாற்று நடுவதும் களை எடுப்பதும் அவர் வேலை. இரண்டு கறவை மாடுகளையும் அவரே பார்த்துக்கொள்கிறார். அவருக்கு இந்நோய் இருப்பது தெரிய வருகிறது. இனி என்ன நடக்கும்?

பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை நடைபெறும். மார்பகம் முழுவதையும் எடுப்பதும் உண்டு. கட்டியை மட்டும் எடுப்பதும் உண்டு. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுக்க நேரிடலாம். அறுவைக்கு முன்போ பின்போ, பலருக்கு இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒரு முறை மருந்து ஏற்றுவார்கள். இது பல மாதங்கள் நடைபெறும். அதன்பின் பலருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டு. வாரத்தில் ஐந்து நாட்களாக, சில வாரங்கள் இது நடைபெறும். நம் ஊர்களில் இதனைக் "கரண்ட் வைத்தல்" என்று சொல்வதால், மின்சாரம் உடலில் பாயும் என்று அஞ்சுவோர் பலர். உண்மையில் படம் எடுக்கும்போது எக்ஸ்ரே கதிர்கள் படுவது போன்றே இதுவும். அந்த நேரத்தில் வலி தெரியாது. நோயின் தன்மையைப் பொறுத்து, பலர் தமாக்சிஃபென் போன்ற மாத்திரையை நாள்தோறும் ஐந்து ஆண்டுகள், சில சமயம் பத்து ஆண்டுகள் வரை உட்கொள்ள வேண்டும்.

ஆகவே நடவுக் காலத்தில் நோய் கண்ட பெண், அடுத்த நடவுக் காலத்திலும் சிகிச்சையை முழுமையாக முடித்திருக்க மாட்டார். இந்த நெடுங்காலத்தில் அவரைத் தடுத்து நிறுத்தக் கூடியவை பல. பேருந்துச் செலவு, உடன் வர ஆளின்மை, அறுவடை, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இல்லாமை, பிள்ளையின் தேர்வு என்று ஒவ்வொன்றும் ஒரு தவணையை ஒத்திப்போடச் செய்யும். ஒரு தவணை போனால் மறு தவணைக்கு மனம் வராது. நோயாளிகளில் நூற்றுக்கு எண்பது பேரேனும் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள இலக்குகளுள் ஒன்று. அந்த இலக்கு மருத்துவமனையில் மட்டும் எய்தக்கூடியது அன்று. நோயாளியின் மாட்டுக்கு அன்று யார் தண்ணீர் காட்டுகிறார் என்பதும் அதில் அடங்கும்.

வீட்டில் உள்ளோர் மறவாது அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மருந்து ஏற்றிய பின் சில நாட்களில் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்து, நோய்களை எதிர்க்கும் ஆற்றல் குன்றியிருக்கும். அந்தக் காலத்தில் 100.4 பாரன்ஹீட் டிகிரி அளவு காய்ச்சல் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். "விடியட்டும் பார்க்கலாம்" என்று இருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கையும் கழனி வேலையும்

நகரத்துப் பெண்களைவிட உழவர் குடும்பப் பெண்களுக்கு அதிகம் தேவைப்படுவது கையைப் பற்றிய அறிவு. அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால், அந்தப் பக்கத்துக் கையிலிருந்து நிணநீர் வடிவது தடைப்பட்டுக் கை வீங்கலாம். கணுக்கள் முழுவதும் எடுக்கப்பட்டவர்களில் ஐவரில் ஒருவர் அளவில் இவ்வீக்கம் காண்கிறது. சிகிச்சை முடிந்து ஓரிரு ஆண்டுகள் கழித்தும் இது தோன்றலாம். வளையல் இறுகுதல், ரவிக்கையின் கை பிடித்தல், கை கனத்தல் ஆகியவை முதல் அடையாளங்கள். இவற்றைக் கண்டவுடன் மருத்துவரிடம் காட்டினால் அடக்கிவிடலாம். நாட்கள் சென்றால் வீக்கம் நிலைத்துவிடும்.

இதற்கு அஞ்சிக் கையை அசைக்காமல் வைத்திருப்பது தவறு. தோள் இறுகிப் போகும். மருத்துவர் அனுமதித்தபின், சுவரருகே நின்று விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்றுதல், தலை வாருதல், கொடியில் துணி உலர்த்துதல் போன்றவற்றை நாள்தோறும் செய்து வர வேண்டும். முறையாகவும் படிப்படியாகவும் செய்யும் உடற்பயிற்சி வீக்கத்தை உண்டாக்குவதில்லை என்பது ஆராய்ச்சிகளால் தெளிவாகியுள்ளது. முதல் நாளே தண்ணீர்க் குடத்தையும் புல்லுக் கட்டையும் தூக்குவதுதான் கூடாது. சிறு சுமையிலிருந்து தொடங்கி, வாரக் கணக்கில் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அந்தக் கையில் காயம் படாமல் பார்த்துக்கொள்வது மிகவும் அவசியம். அரிவாள் வெட்டு, கருவேல முள், கரும்புத் தோகையின் கீறல், அடுப்புச் சூடு, பூச்சிக் கடி ஆகிய எதுவும் கிருமி புகுவதற்கு வழியாகும். களை எடுக்கும்போதும், விறகு பொறுக்கும்போதும், உரம் இடும்போதும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்துகொள்வது நலம். தோல் வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாம். ஆயினும் கதிர்வீச்சுச் சிகிச்சை நடைபெறும் நாட்களில், கதிர் படும் இடத்தில் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தடவக் கூடாது. சிறு காயமானாலும் சோப்பும் நீரும் கொண்டு கழுவி மருந்திட வேண்டும். கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி, நம் எடுத்துக்காட்டில் வரும் குடும்பத் தலைவி வேலைக்குத் திரும்ப விரும்புகிறார். அவர் கூலி வேலைக்கும் செல்பவர் என்றால், மண் சுமக்கும் வேலையை அவருக்குத் தருவது பொருந்தாது. தண்ணீர் வழங்குதல், குழந்தைகளைக் கவனித்தல், நாற்றங்கால் பணி, கணக்குப் பதிவு முதலிய இலகுவான பணிகளை ஒதுக்கலாம். இதனை அவர் கேட்டுப் பெறும்படி விடாமல், பணி மேற்பார்வையாளரே எண்ணிச் செய்தல் வேண்டும். உடல் சோர்வு சிகிச்சைக்குப் பின் பல மாதங்கள் நீடிப்பது இயல்பு. அதனைச் சோம்பல் என்று எண்ணுவது அநீதியாகும்.

வீட்டு வாழ்க்கை

பத்தியம் என்ற பெயரால் முட்டை, மீன், பால், பருப்பு ஆகியவற்றை நிறுத்திவிடும் வழக்கம் பல குடும்பங்களில் காணப்படுகிறது. சிகிச்சைக் காலத்தில் உடலுக்குப் புரதச் சத்து மிகுதியாகத் தேவை. எனவே மருத்துவர் தடை செய்தாலன்றி இவற்றை நிறுத்தலாகாது. விலை உயர்ந்த பொடிகளும் பானங்களும் வாங்க வேண்டுவதில்லை. கேழ்வரகு, பயறு வகைகள், கீரை, முட்டை ஆகியவை போதும். சில மாத்திரைகள் எலும்பை வலுவிழக்கச் செய்யும். நாள்தோறும் நடப்பது அதற்கு நல்ல துணை.

"உடம்பு நன்றாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிடுவது பெரும் ஆபத்து. நிலத்தில் களை தெரியவில்லை என்பதற்காக விதையே இல்லை என்று உழவர் எவரும் கருதுவதில்லை அன்றோ? மாத்திரையால் உடல் கொதிப்பு, மூட்டு வலி போன்ற தொல்லைகள் வந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்று வழி கேட்கலாமே அல்லாது, தாமாக நிறுத்தக் கூடாது. மாதவிலக்கு நின்றபின் இரத்தப் போக்குக் கண்டால் மறைக்காமல் உடனே தெரிவிக்க வேண்டும்.

மருந்தால் உதிர்ந்த தலைமுடி, மருந்து முடிந்த சில மாதங்களில் மீண்டும் வளரும். மார்பகம் எடுக்கப்பட்ட பெண்கள், புண் முழுவதும் ஆறிய பின், மெல்லிய பருத்தித் துணியில் பஞ்சு திணித்துத் தைத்த உறையை உள்ளாடையில் வைத்துக்கொள்ளலாம். தையல் தெரிந்த சகோதரி ஒருவர் சிறு நேரத்தில் இதனைத் தைத்துத் தர முடியும். இது சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆனால் இது இல்லாத காரணத்தால் பேருந்தில் ஏறத் தயங்கும் பெண்ணுக்கு இதன் அருமை தெரியும்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவமனைக்கு உடன் செல்வதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. அறுவைக்குப்பின், தன் உடலைக் கண்டு கணவன் அருவருப்பானோ என்ற அச்சம் பெண்ணின் மனத்தில் இருக்கும். அவர் அதனை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அருகில் அமர்ந்து உண்பதும், புண்ணைத் தாமே துடைத்து மருந்திடுவதும், ஊர்த் திருவிழாவுக்கு அழைத்துச் செல்வதும் அந்த அச்சத்தைப் போக்கும்.

ஒருவருக்கொருவர் துணை

மேலே கூறியவற்றை மருத்துவரும் செவிலியரும் சொல்லலாம். ஆயினும் அதே நோயைக் கண்டு, அதே சிகிச்சையைப் பெற்று, இன்று தம் வயலில் வேலை செய்யும் ஒரு பெண் வந்து சொல்வதற்கு உள்ள வலிமை வேறு.

இந்த உண்மையை அமெரிக்க நாட்டில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணி செயலில் காட்டினார். 1952-இல் அவருக்கு மார்பக அறுவைச் சிகிச்சை நடந்தது. கையை எவ்வாறு பயில்விப்பது, என்ன உடுத்துவது, எப்போது வேலைக்குப் போவது என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல அன்று ஆளில்லை. அவரே பிற பெண்களின் படுக்கையருகே சென்று, தாம் அறிந்ததைச் சொல்லத் தொடங்கினார். அவர் தொடங்கிய இயக்கத்தை 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஏற்றுக்கொண்டது. பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது.

நம் மாநிலத்திலும் பெண்களின் முயற்சிக்குப் பெருமை மிக்க வரலாறு உண்டு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் நிதி திரட்டி, 1954-ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று அது குடிசைகளில் 12 படுக்கைகளோடு இயங்கியது. பின்னர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோரின் உழைப்பால் நாடறிந்த நிலையமாக வளர்ந்தது. மேலும், 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் உள்ளன. கூடிப் பேசவும், கணக்கு வைக்கவும், ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்கவும் நம் பெண்கள் பழகியிருக்கிறார்கள். நோயினின்று மீண்டவர்களின் துணைக் குழுவுக்கு இதைவிட நல்ல அடித்தளம் வேறில்லை.

குழு நடத்தும் முறை

ஓர் ஊராட்சியில் இத்தகைய பெண்கள் ஓரிருவரே இருக்கலாம். எனவே அடுத்தடுத்த சில ஊராட்சிகளைச் சேர்த்தோ, ஒன்றிய அளவிலோ குழு அமைப்பது பொருந்தும். மாதம் ஒரு முறை, சந்தை நாளில், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஊராட்சிக் கட்டடத்திலோ கூடலாம். சந்தைக்கு வருவது போல வருவதால், வெளியில் சொல்ல விரும்பாதவர்களும் தயக்கமின்றி வருவார்கள்.

குழுவின் பணிகள் எளியவை. தவணை நாளில் ஒருவர் மற்றவருக்குத் துணையாகச் செல்வது. மாத்திரை தீரும் நாளை நினைவூட்டுவது. கைப் பயிற்சியைச் சேர்ந்து செய்வது. துணி உறை தைத்துக் கொடுப்பது. புதிதாக நோய் கண்டவரின் வீட்டுக்குச் சென்று பேசுவது. சிகிச்சைக்குப் பின் முதல் சில ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்த நாள் நெருங்கும்போது உறக்கம் கெடுவதும், நோய் திரும்பியிருக்குமோ என்று நடுங்குவதும் எல்லோருக்கும் உண்டு. அந்த அச்சத்தை வீட்டாரிடம் சொன்னால் அவர்களும் கலங்குவார்கள். குழுவில் சொன்னால், "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்ல ஒருவர் இருப்பார்.

குழுவுக்குச் சில விதிகள் வேண்டும்.

1. குழுவில் பேசியதை வெளியில் பேசக் கூடாது. ஒருவருடைய அனுமதியின்றி அவர் நோயைப் பற்றிப் பிறரிடம் சொல்லக் கூடாது.

2. "எனக்குக் கொடுத்த மருந்தை நீயும் கேள்" என்று மருத்துவ ஆலோசனை கூறலாகாது. ஒருவரின் நோய் மற்றவரின் நோய் போன்றது அன்று. மருந்தும் காலமும் மாறும்.

3. நோய் தீர்க்கும் என்று பொடியோ லேகியமோ விற்பவர்களைக் குழுவுக்குள் விடக் கூடாது.

4. புதிதாக நோய் கண்டவரிடம் முதலில் கேட்க வேண்டும். பின்னரே பேச வேண்டும். "உனக்கு ஒன்றும் ஆகாது" என்று உறுதி கூறுவதைவிட, "தவணை நாளில் நான் உடன் வருகிறேன்" என்று சொல்வது பயன் தரும்.

5. அழுபவரை அழ விட வேண்டும். எப்போதும் தைரியமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் ஒரு சுமையே.

நோய் திரும்பினால்

சொல்வதற்கு வருத்தமாயினும் இதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களிலும் சிலருக்கு நோய் திரும்பும். எலும்பிலோ, நுரையீரலிலோ, ஈரலிலோ அது தோன்றலாம். அப்போது அவரைக் காணப் பிற பெண்களுக்கு அச்சம் உண்டாகும். தம் எதிர்காலத்தையே அவரிடம் காண்பதாகத் தோன்றும். அதனால் அவரை விட்டு மெல்ல விலகுவதும் நேர்கிறது. துணை மிகத் தேவைப்படும் காலத்தில் துணையற்றுப் போவதைவிடக் கொடுமை வேறில்லை.

குழுவின் தரம் இங்கேதான் தெரியும். நோய் திரும்பியவரும் மருந்துகளால் பல ஆண்டுகள் வாழ்வது இன்று உண்டு. குணப்படுத்த இயலாத நிலையிலும் வலியைத் தணிக்க முடியும். வலி தணிப்புச் சிகிச்சையைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. கூட்டத்துக்கு வர முடியாதவரின் வீட்டில் கூட்டத்தை நடத்தலாம். அவருடைய பிள்ளைகளின் படிப்பு, குழுக் கடன், நிலப் பத்திரம் முதலியவற்றை அவர் மனம் அமைதியுறும் வகையில் ஒழுங்கு செய்து தரலாம். கடைசி நாள் வரை ஒருவர் கையைப் பற்றிக்கொண்டிருப்பதும் பெருந்தொண்டே.

ஊராட்சி செய்ய வேண்டுவன

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை, கவனமே தேவை.

முதலாவதாக, காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் இடம் உண்டு. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை ஆகியவற்றுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும். நோய் கண்ட பின் சான்றுக்கு அலைவதில் வாரங்கள் கழிந்துவிடுகின்றன. தகுதியுள்ள குடும்பங்கள் அனைத்தும் முன்னரே பதிவு பெற்றிருக்கும்படி ஊராட்சி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, பயணம். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும், உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. மருத்துவமனையில் உரிய சான்று பெற வேண்டும். இச்செய்தியை அறியாமல் கடன் வாங்கிப் பயணம் செய்வோர் உளர். ஊராட்சி அறிவிப்புப் பலகையில் இதனை எழுதி வைக்கலாம்.

மூன்றாவதாக, குழுக் கடன். சிகிச்சையில் இருக்கும் உறுப்பினர் சந்தா கட்டவில்லை, கூட்டத்துக்கு வரவில்லை என்று சுய உதவிக் குழுவினின்று நீக்குவது கூடாது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு கலந்து பேசி, தவணைக்குக் கால நீட்டிப்பு அளிக்க வழி காண வேண்டும்.

நான்காவதாக, மாற்று உழைப்பு. நம் முன்னோர் ஒருவர் வயலில் மற்றவர் முறை வைத்து வேலை செய்து கொடுத்தனர். அந்த வழக்கத்தை நோயாளியின் குடும்பத்துக்காகப் புதுப்பிக்கலாம். தவணை நாளில் மாட்டுக்குத் தீனி வைக்க ஒருவர், பிள்ளைகளுக்குச் சமைக்க ஒருவர், மடை திருப்ப ஒருவர் என்று அக்கம்பக்கத்தார் பங்கிட்டுக்கொண்டால் எந்தத் தவணையும் தவறாது.

ஐந்தாவதாக, பரிசோதனை. 30 வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை செய்யப்படுகிறது. வலியற்ற கட்டி, தோல் குழிதல், காம்பு உள்ளிழுத்தல், காம்பில் நீரோ இரத்தமோ கசிதல் ஆகியவை தென்பட்டால் காத்திருக்கக் கூடாது. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எதுவென்று சோதித்தே அறிய முடியும். இதனை ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் தயக்கமின்றிப் பேச வேண்டும். பேசும்போது எந்தப் பெண்ணின் பெயரையும் குறிப்பிடலாகாது. ஊராட்சிப் பதவிகளில் சரி பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ள நம் மாநிலத்தில், இப்பேச்சைத் தொடங்குவது பெண் உறுப்பினர்களுக்குக் கடினமாக இராது.

முடிவுரை

நம் எடுத்துக்காட்டில் கண்ட குடும்பத் தலைவியிடம் திரும்புவோம். சிகிச்சை முடிந்து அவர் ஊருக்குள் வருகிறார். அதே தெருவில் மற்றொரு பெண், தன் மார்பில் ஒரு கட்டி இருப்பதை அறிந்தும் எவரிடமும் சொல்லாமல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்பி வந்தவரை ஊர் ஒதுக்கினால், தண்ணீர்க் குழாயடியில் மற்றவர்கள் விலகி நின்றால், அவர் தம் கட்டியை இன்னும் ஆழமாக மறைத்துக்கொள்வார். திரும்பி வந்தவர் தலை நிமிர்ந்து நடந்து, நடவில் பாட்டுக்குக் குரல் கொடுத்து, திருமணப் பந்தியில் பரிமாறினால், கதவோரம் நின்றவர் மறுநாள் அவர் வீட்டுக்கு வந்து, தாழ்ந்த குரலில் தம் ஐயத்தைக் கேட்பார். அடுத்த பேருந்தில் இருவரும் சேர்ந்து மருத்துவமனைக்குப் போவார்கள்.

மீண்டு வந்த ஒருவரை நாம் நடத்தும் முறையே, இன்னும் மருத்துவரைக் காணாத பெண்ணுக்கு நாம் அனுப்பும் செய்தி. இதனை ஒவ்வோர் ஊராட்சி உறுப்பினரும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கலந்தாய்வுக்குரிய வினாக்கள்

1. நம் ஊராட்சியில் இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் மருத்துவமனைக்கு எவ்வாறு செல்கின்றனர்? அவர்களுக்குத் துணை செல்வோர் யார்?

2. காப்பீட்டில் பதிவு பெறாத தகுதியுள்ள குடும்பங்கள் எத்தனை? எந்த நாளுக்குள் பதிவு செய்து முடிக்கலாம்?

3. சிகிச்சையிலிருக்கும் உறுப்பினரின் கடன் தவணை பற்றி நம் சுய உதவிக் குழுக்களின் தீர்மானம் என்ன?

4. கை வீக்கம் உடையவர்க்கு ஏற்ற வேலைகள் நம் ஊரில் எவை?

5. அண்டை ஊராட்சிகளுடன் சேர்ந்து துணைக் குழு அமைப்பதற்கு ஏற்ற இடமும் நாளும் எவை?